ஆறாவது சைக்கிள்

கிகாலி, ருவாண்டா
6 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் ஸ்வீட்லினும் சுகம். நீயும் மாமாவும் ஃபெபியும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவின் பிரஷர் இறங்கியதா? ஊறுகாய் பாட்டிலை அவர் கண்ணில் படாத இடத்தில் வை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று தபால்காரரே உன்னைக் கேட்பார். என்ன செய்ய? போன் போட்டால் நீ ஸ்பீக்கரில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்குகிறாய். மாமா குறுக்கே பேசுகிறார், குக்கர் அவருக்கும் மேலே கத்துகிறது. நான் திருச்சி ஹாஸ்டலில் இருந்தபோது என் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டுப் பதில் எழுதுவாயே, அந்த அக்காவிடம்தான் இப்போது எனக்கு வேலை.

விஷயம் இதுதான். அடுத்த ஜூலையில் நம் பழைய வேளாங்கண்ணி சைக்கிள் டீமை இங்கே வரவழைக்கப் போகிறேன். ஒன்பது நாளில் ருவாண்டாவை ஒரு சுற்று. சின்ன நாடுதான், ஆனால் முழுக்க மலை. இந்தக் கல்லூரிக்குப் பாடம் நடத்த வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. சைக்கிளில் வாழைத்தார் கட்டிக்கொண்டு மலையிறங்கும் ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆகஸ்ட் கடைசியில் காவித் துண்டோடு அம்பத்தூர் மாதா கோயில் வாசலில் நின்ற நம்மவர்கள் ஞாபகம் வந்துவிடுகிறது.

க்ளோடின் என்று இந்த ஊர்ப் பெண், முன்பு பந்தயத்தில் ஓட்டியவர், இப்படிச் சுற்றுலா நடத்துகிறார். ஆறு சைக்கிளுக்குக் குறைந்தால் கிளம்ப மாட்டாராம். நம் கேப்டன், உன் வீட்டுக்காரர் பிரகாசம் மாமா, சித்தி மகன் ஆன்டோ, மைக்செட் மனோகரன், பாங்க் ஜெகதீஷ், பஞ்சர் கடைப் பச்சையப்பன், நான். சரியாக ஆறு.

நீயும் வருகிறாய். பின்னால் ஒரு வேன் வரும். அடுப்பு, பாத்திரம் எல்லாம் வைக்க இடம் இருக்கிறது. உன் புளிசாதம் இல்லாமல் இந்த டீம் எந்த மேடும் ஏறாது.

எல்லாருடைய உயரத்தையும் கேட்டு எழுது, அதற்குத் தகுந்த சைக்கிள் எடுக்க வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டுப் பார்த்தேன். ரோஜாப்பூ வந்தது, காலை வணக்கம் வந்தது, உயரம் வரவில்லை.

உன் தம்பி,
பெனிட்டோ


பூந்தமல்லி
4 நவம்பர் 2024

அன்புத் தம்பி பெனிட்டோவுக்கு,

ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் நலம். ஸ்வீட்லினுக்கு ஒத்தைத் தலைவலி குறைந்ததா? முந்தாநாள் கல்லறைத் திருநாளுக்கு அம்பத்தூர் போய் அப்பா, அம்மா கல்லறைக்கு மாலை போட்டோம். உன் பெயரிலும் ஒரு மெழுகுவர்த்தி.

உன் கடிதத்தை எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். பச்சையப்பன் கடைக்கே போனேன். "இன்னாக்கா சொல்ற, ஆப்பிரிக்காவா? அங்க சிங்கம் கீதே, சைக்கிள பாத்தா தொரத்தாதா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த நிமிடமே, "வேளாங்கண்ணிக்கே வந்தவன் நானு, அங்க வரமாட்டனா? பேர எழுதிக்கோ" என்றார். மனோகரனுக்கு முட்டி வலி, யோசித்துச் சொல்கிறாராம். ஜெகதீஷ் ரிட்டையர்மெண்டுக்கு ஆறு மாதம் இருக்கிறது, லீவு கேட்கப் பயம். ஆன்டோ குதிக்கிறான். உன் மாமா, "பாக்கலாம், பாக்கலாம்" என்கிறார். அவர் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று முப்பது வருடமாகக் குடித்தனம் நடத்தும் எனக்குத் தெரியும்.

உயரங்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். கடைசியில் இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறேன். ஐந்தடி ஒரு அங்குலம். நம் தெரு ஆள்தான், ரொம்ப ஆசை. யாராவது பின்வாங்கினால் ஆறாவது சைக்கிளுக்கு ஆகும். பெயரைப் பிறகு எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே மழையாமே, தலையைத் துவட்டு.

அன்பு அக்கா,
ஞானகுமாரி


கிகாலி
28 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். கல்லறைக்கு நீ போனது நானே போன மாதிரி.

வழி முடிவாகிவிட்டது. கிகாலியிலிருந்து முசான்சே, பிறகு எரிமலைகளைப் பார்த்தபடி ருபாவு, அங்கிருந்து கிவு ஏரிக்கரையோடு கரோங்கி, தெற்கே இறங்கிக் காட்டு வழியாக ஹூயே, மறுபடி கிகாலி. மலை என்றால் நம் ஆட்கள் பயப்படுவார்கள். மதுரவாயல் மேம்பாலத்தை ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஏறிப் பழகச் சொல்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இதோடு க்ளோடின் கொடுத்த பயிற்சித் தாள்கள் வைத்திருக்கிறேன். வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை மேடு என்று ஒவ்வொருவரும் நிரப்பி அனுப்ப வேண்டும். இதில் அவர் ரொம்பக் கறார்.

யார் அந்த ஐந்தடி ஒரு அங்குலம்? உங்கள் தெரு சிவராமன் வாத்தியாரா? அவர் அவ்வளவு குள்ளமா என்ன?

ஒரு வேடிக்கை. வேனில் என் அக்கா வருகிறார், சமையல் அவர் பொறுப்பு என்றேன். க்ளோடின் உடனே, "அக்கா சைக்கிள் ஓட்ட மாட்டாரா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. நீ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எரிமலைக்குப் பக்கத்தில் மிதிப்பதை நினைத்துப் பார்! ஸ்வீட்லினிடமும் சொல்லிச் சிரித்தேன்.

கிறிஸ்மஸுக்குக் கல்கல் செய்வாய்தானே. என் பங்கை ஆன்டோவுக்குக் கொடுத்துவிடாதே.

உன் தம்பி,
பெனிட்டோ


பூந்தமல்லி
27 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு,

நலம். நீங்களும் நலம்தானே. கிறிஸ்மஸ், பொங்கல் எல்லாம் முடிந்தன. இந்த முறை கல்கல் செய்யவில்லை.

மனோகரன் வரவில்லை, இரண்டு முட்டிக்கும் ஆபரேஷன். ஜெகதீஷும் வரவில்லை. மற்றவர்களிடம் பயிற்சித் தாளைக் கொடுத்தேன். பச்சையப்பன் அதில் பஜ்ஜியை வைத்து எண்ணெய் பிழிந்தார்.

ஆறாவது ஆளுடைய தாளை மட்டும் அனுப்புகிறேன். காலை ஐந்தரை மணிக்கு நசரத்பேட்டை தாண்டிச் செம்பரம்பாக்கம் ஏரிப்பக்கம் போய்த் திரும்புகிறார். மாங்காட்டு ஃபிளாட்டில் இருக்கும் எழிலரசி, தேனிப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அவள்தான் கியர் சைக்கிள் இரவல் கொடுத்துக் கூடவே ஓட்டுகிறாள். முதல் வாரத்தில் ஆள் இரண்டு தடவை விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். வீட்டில் கேட்டதற்குக் கோயில் படியில் வழுக்கியது என்று சொல்லிவிட்டாராம். நாம் சின்ன வயதில் பார்த்த நெல்வயல் எல்லாம் அங்கே இப்போது கிடங்கும் மனைக்கட்டும். லாரி கொஞ்சம் பயமுறுத்துகிறது. மற்றபடி குறையில்லை.

அக்கா,
ஞானகுமாரி


கிகாலி
19 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்பதுதான் சந்தேகமாக இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். கல்கல் செய்யவில்லை என்கிறாய். கல்கல் இல்லாத கிறிஸ்மஸ் நம் வீட்டில் எப்போது நடந்தது? கோபமா? நான் ஏதாவது தப்பாக எழுதினேனா?

மனோகரனும் ஜெகதீஷும் போனது மனசை என்னவோ செய்கிறது. அவர்கள் இல்லாமல் என்ன டீம்? மனோகரன் சைக்கிள் பாரில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு மாதா பாட்டுப் போட்டபடி வந்தது இப்போதும் காதில் கேட்கிறது. எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா கேரியரில் தலையணை கட்டி என்னை உட்கார வைத்தார். திண்டிவனம் தாண்டியதும் இரண்டு பக்கமும் பனைமரம், கடலூரில் கடல் காற்று, கொள்ளிடம் பாலத்தில் எல்லாரும் மணியடித்துக்கொண்டே போனது. அப்பாவின் முதுகு வேர்வை வாசனைகூட ஞாபகம் இருக்கிறது. என் ஆயுசில் அந்த மூன்று பகலைப் போல வேறு எதுவும் இல்லை, அக்கா. உங்கள் பாடு இன்னும் சுகம். டெம்போவில் காலை நீட்டி உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே வந்தீர்கள்.

ஆறாவது ஆளின் தாளைப் பார்த்து க்ளோடின் அசந்துபோனார். தன் ஆபீஸ் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார். அந்த மனிதரின் பெயரைத்தான் சொல்லேன்.

உன் தம்பி,
பெனிட்டோ


பூந்தமல்லி
14 மார்ச் 2025

தம்பி பெனிட்டோவுக்கு,

நீயும் ஸ்வீட்லினும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தவக்காலம். வீட்டில் கவிச்சி இல்லை, உன் மாமா முகத்தில் களையும் இல்லை.

டெம்போவில் காலை நீட்டிப் பாட்டுப் பாடினோம் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு மூன்று நாள் கடிதத்தை மடித்துப் பைபிளுக்குள் வைத்துவிட்டேன். இன்று எழுதுகிறேன்.

அந்த டெம்போவுக்கு மூன்று பக்கமும் தார்ப்பாய். உள்ளே இரண்டு அண்டா, மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிசி மூட்டை, அம்மா, கஸ்தூரி சித்தி, நான். காலை நீட்ட அங்கே இடம் ஏது? நீங்கள் கிளம்புவதற்கு முன் நாங்கள் கிளம்ப வேண்டும். நீங்கள் வந்து சேர்வதற்குள் சோறு வடித்திருக்க வேண்டும். நீங்கள் சாப்பிட்டுத் துண்டை உதறிப் போனதும் அண்டாவைக் கழுவிக்கொண்டு மறுபடி உங்களைத் தாண்டி ஓட வேண்டும். வெயிலில் தார்ப்பாய் கொதிக்கும், சித்தி வாந்தி எடுப்பார். பாட்டுப் பாடினோம்தான். குமட்டலை மறக்கப் பாடினோம்.

திண்டிவனம் என்றால் எனக்கு ஒரு பள்ளிக்கூடத்துக் குழாயடி. கடலூர் என்றால் ஒரு கிணறு. நடுவில் பனைமரம் இருந்தது என்று நீ எழுதித்தான் தெரிந்துகொண்டேன். ஒன்பது வருடம் வேளாங்கண்ணி போனேன், பெனிட்டோ. எனக்கு வழி தெரியாது.

எண்பத்தொன்பதில் எனக்குப் பதினேழு வயது. அந்த ஆகஸ்டில் சைக்கிளிலேயே போக வேண்டும் என்று எனக்கு வெறி. மே மாதத்திலிருந்து டியூஷன் விட்டதும் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாடகைக் கடையில் மணிக்கு ஒரு ரூபாய் கொடுத்து லேடீஸ் சைக்கிள் எடுப்பேன். எஸ்டேட் ரோடு முழுக்கச் சுற்றுவேன். அந்த ஒரு மணி நேரம் நான் யாருக்கும் மகளில்லை, அக்காவில்லை. காற்று மட்டும்தான். ஜூலையில் யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. நேராகக் கடைக்குப் போய், நாலு பேர் நிற்கும்போது, "என் பொண்ணுக்கு இனிமே சைக்கிள் குடுக்காத" என்று சொல்லிவிட்டு வந்தார். நான் மறுநாள் போனபோது கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டினார். அந்த வருடம்தான் நீ முதன்முதலாக அப்பா கேரியரில் போனாய். அதற்குப் பிறகு நான் சைக்கிளைத் தொடவில்லை.

சென்ற நவம்பர் வரைக்கும்.

ஐந்தடி ஒரு அங்குலம் நான்தான். உன் க்ளோடின் சுவரில் ஒட்டியிருப்பது என் கணக்குத்தான். பாஸ்போர்ட் வந்துவிட்டது. இந்த வாரம் நூற்றுப் பத்து கிலோமீட்டர். எனக்கு வேனில் இடம் வேண்டாம், சைக்கிளில் வேண்டும். சிரிப்பதென்றால் சிரித்துவிட்டுப் பதில் எழுது.

ஞானகுமாரி


பூந்தமல்லி
5 மே 2025

தம்பிக்கு,

நலமா? ஏழு வாரமாகப் பதில் இல்லை. தபால் தொலைந்ததோ என்று ஸ்வீட்லினிடம் போனில் கேட்டேன். "லெட்டர் வந்துச்சு அண்ணி, மேஜை மேலதான் இருக்கு, எடுத்து எடுத்துப் படிக்கிறார்" என்றாள். சரி.

பச்சையப்பன் மகளுக்கு ஜூலையில் பிரசவம், அவரும் இல்லை. "என் பாவம் அக்கா இது, சிங்கத்த பாக்க குடுத்து வெக்கல" என்று வருத்தப்பட்டார். உன் மாமாவுக்கு டாக்டர் தடை. மிச்சம் ஆன்டோவும் நானும்.

மாமாவுக்கும் தெரிந்துபோயிற்று. என் சுடிதாரில் செயின் கிரீஸைப் பார்த்துவிட்டுக் காலையில் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்திருக்கிறார். ஏரி திருப்பத்தில் என்னை மறித்தார். வசவு விழப்போகிறது என்று நின்றேன். அவர் இறங்கி வந்து சீட்டைத் தட்டிப் பார்த்து, "இத்தினி கீழ வெச்சிகினு ஓட்டினா முட்டி போயிடும், ஞானா" என்று சொல்லி அரை அங்குலம் ஏற்றிக் கொடுத்தார். பிறகு, "கல்யாணமாகி இத்தினி வருசத்துல நீ ஆசப்பட்டத ஒருவாட்டி கூட கேக்கலியே நானு" என்று சொல்லிக்கொண்டு ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் எனக்குக் காபி போட்டு மூடி வைத்திருந்தது. சர்க்கரை போட மறந்திருந்தார்.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. அழுதுவிட்டு எழுந்துவிடுவேன். இப்படிச் சும்மா இருக்காதே. அதை மட்டும் தாங்க முடியவில்லை.

அக்கா


கிகாலி
22 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கக்கூட வெட்கமாக இருக்கிறது. நான்கு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். ஒன்றில் உன் வயதை எழுதினேன், ஒன்றில் மலையின் உயரத்தை. எதுவும் உண்மையான காரணம் இல்லை. அது எனக்கே தெரிந்தது, கிழித்தேன்.

ஆள் சேரவில்லை, ரத்து செய்துவிடலாம் என்று க்ளோடினிடம் போய்ச் சொன்னேன். அவர் சுவரைக் காட்டினார். "ஏழு மாதத்தில் நான் கேட்டதைச் செய்தது இவர் ஒருவர்தான். இவரை விட்டுவிட்டு வேறு யாரை வைத்து நான் சுற்றுலா நடத்துவது?" என்றார். அது என் அக்கா என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். எனக்கு நவம்பரில் நான் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது.

தன் கிளப்பிலிருந்து இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்கிறார். எழிலரசியையும் கூட்டி வா. உன்னோடும் ஆன்டோவோடும் என்னோடும் ஆறு ஆகிவிடும். வேனில் பைகளும் டிரைவரும் மட்டும். அடுப்பு ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வழியில் கிடைப்பதைச் சாப்பிடலாம். அவித்த வாழைக்காயும் அவரையும் கிடைக்கும், பிழைத்துக்கொள்வோம்.

இன்னும் ஒன்று உன்னிடம் சொல்ல வேண்டும். எழுத வரவில்லை. நீ வா.

மாமாவுக்கு என் நன்றியைச் சொல். அந்த அரை அங்குலத்தை நானும் கவனித்திருக்க வேண்டும்.

தம்பி,
பெனிட்டோ


கரோங்கி, கிவு ஏரிக்கரை
19 ஜூலை 2025

ஃபெபி அப்பாவுக்கு,

நான் சுகம். தொடை இரண்டும் கல்லாகிவிட்டன, மூக்குத் தோல் உரிகிறது, மற்றபடி சுகம். பிரஷர் மாத்திரையைக் காலண்டருக்குக் கீழே வைத்திருக்கிறேன், மறக்க வேண்டாம். பெனிட்டோ எதிரே உட்கார்ந்து தட்டை வழித்துக்கொண்டிருக்கிறான். இனிமேல் அவனுக்கு எழுதுவதற்கு ஒன்றும் இல்லை, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிடுவேன், ஆனாலும் உங்களுக்கு ஒரு கடிதம்கூட எழுதியதில்லையே என்று தோன்றியது.

ஐந்து நாளாக ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும். யூகலிப்டஸ் வாசனை எங்கே ஆரம்பிக்கிறது, எந்த மேட்டில் தேயிலைத் தோட்டம் வருகிறது, எந்தக் கிராமத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டே கூட ஓடி வருகிறார்கள் என்று கேளுங்கள், சொல்கிறேன். முந்தாநாள் ருபாவு வரை ஒரே இறக்கம். மிதிக்கவே வேண்டாம். நான் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினேனாம், எழிலரசி சொல்கிறாள். எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு அதற்கெல்லாம் வட்டியும் முதலுமாக ஏற்றம். ஆன்டோவும் மற்றவர்களும் எங்கேயோ போய்விட்டார்கள். எனக்கு மூச்சு வாங்கியது, நெஞ்சு படபடத்தது. இறங்கித் தள்ளலாமா என்று நினைக்கும்போது, மேலே போயிருந்த பெனிட்டோ திரும்பிக் கீழே வந்தான். ஏறிய மேட்டை முழுக்க இறங்கி வந்து, சைக்கிளைத் திருப்பி, என் பக்கத்தில் மெதுவாக மிதித்துக்கொண்டே வந்தான். முகம் சரியில்லை.

பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, வாடகை சைக்கிள் விஷயம், அப்பாகிட்ட நான்தான் போட்டுக் குடுத்தேன். நீ சைக்கிள்ல வந்தா, அப்பா உன்னையே பாத்துக்கிட்டு வருவாரு, என்னைக் கேரியர்ல ஏத்த மாட்டாருன்னு நெனச்சேன். அவ்ளோதான் காரணம்" என்றான். நாற்பத்தெட்டு வயது ஆள். ஹேண்டில் ஆடுகிற அளவுக்கு அழுதான்.

எனக்கு அழுகை வரவில்லை. "தெரியும்டா. அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது நீ என் மூஞ்சப் பாக்கல, அப்பவே தெரியும். மூச்ச வீணாக்காம ஏறு" என்றேன்.

அவன் அதைக் கேட்டதும் காலை ஊன்றி நின்றுவிட்டான். அழுது முடிக்கட்டும் என்று விட்டேன். நான் நிற்கவில்லை, அந்த மேட்டில் நின்றால் மறுபடி ஏற முடியாது. மேலே போய்ச் சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு, அவன் வரும் வரைக்கும் அவனுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

ஃபெபிக்கு முத்தம்.

உங்கள்,
ஞானா